நூற்றுக்கு ஏழு என்பது யாருடைய கணக்கு?

(செயல்பாட்டாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



கருத்தடை மாத்திரையை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. நான் டாக்டர் கிடையாது, நர்சும் கிடையாது. கவிதை எழுதுகிறவள். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். இவளை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு உங்களில் சிலருக்குத் தோணலாம். யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்வியில் முக்கால்வாசி கணக்கு. மீதிக் கால்வாசி கூலி, வீடு, சாதி, புருஷன். கணக்கு எனக்குத் தொழில். மீதி இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஆண் தோழர்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். 'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று டீக்கடைக்குக் கிளம்ப வேண்டாம். உங்கள் கணக்கும் கடைசியில் வருது.

முதலில் எண்களைப் பார்ப்போம். மாத்திரைக்கு இரண்டு எண் உண்டு. ஒரு நாள்கூட விடாமல், சொன்னபடி சரியாக எடுத்தால், ஒரு வருஷத்தில் 1000 பெண்களில் 3 பேருக்குக் கர்ப்பம் தரிக்கும். இது முதல் எண். நிஜ வாழ்க்கையில் பெண்கள் எடுக்கிற மாதிரி எடுத்தால், 100 பேரில் 7 பேருக்குத் தரிக்கும். இது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனமே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் காட்டுகிறது. எந்தத் தடையும் இல்லாவிட்டால் 100க்கு 85 பேர் வரை ஒரு வருஷத்துக்குள் முழுகாமல் இருப்பார்கள். ஆக மாத்திரை பெரிய காவல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 1000க்கு 3 எங்கே, 1000க்கு 70 எங்கே? இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். மாத்திரை ஒண்ணுதான், அதில் இருக்கிற மருந்தும் ஒண்ணுதான். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நூறு பெண்கள் ஒரு வருஷம் பயன்படுத்தினால் எத்தனை கர்ப்பம் என்று எண்ணுகிற இந்த முறைக்குப் பேர்ல் குறியீடு என்று பெயர். ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1930களில் கொண்டு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது 'ஒரு வருஷம்' என்கிற சொல். எந்தப் பெண்ணும் ஒரு வருஷத்துக்கு மட்டும் குடும்பம் நடத்துவதில்லையே. கூட்டு வட்டி போடுகிற மாதிரி போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 100ல் 7 பேர் என்றால் 93 பேர் தப்புகிறார்கள். அடுத்த வருஷம் அந்த 93ல் நூற்றுக்கு 93. இப்படியே பத்து வருஷம் போனால் 48 பேர்தான் மிச்சம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தடவையாவது நாள் தள்ளிப் போயிருக்கும். இதே கணக்கை 1000க்கு 3 என்று வைத்துப் போட்டால், பத்து வருஷத்தில் 100க்கு 3 பேர்தான். நிஜத்தில் இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காது. தவறுகிறவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே தவறிவிடுவார்கள், மற்றவர்களுக்குப் பழக்கம் கைவந்துவிடும். ஆனாலும் போக்கு என்னவென்று புரிகிறது இல்லையா? 'நூற்றுக்கு ஏழுதானே' என்று சொல்கிறவர்கள் ஒரு வருஷத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே தவறும் என்பதும் தெரிந்துவிடும். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மாலா-என், கடையில் மலிவாக விற்கிற மாலா-டி, இரண்டிலும் ஒரே மருந்துதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினில் ஈஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். அட்டையில் 28 மாத்திரை. அதில் 21தான் மருந்து. வேறு நிறத்தில் இருக்கிற 7 வெறும் இரும்புச் சத்து. பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றும், ரத்தசோகைக்கு உதவட்டும் என்றும் வைத்தது. மருந்து மாத்திரை சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வராமல் தூங்க வைக்கிறது. கர்ப்பப்பை வாயில் இருக்கிற சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுக்கிறது. அந்த 7 நாள் மருந்தில்லாமல் இருக்கும்போது சினைப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழிக்கப் பார்க்கும். ஏழு நாள் தாங்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று நீண்டால் முழுசாக விழித்துவிடும். அதனால்தான் அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை விடுவதைவிட, புது அட்டையைத் தாமதமாக ஆரம்பிப்பது ஆபத்து. நம்ம பெண்கள் பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை. 'தினம் ஒண்ணு போடும்மா' என்பதோடு முடிந்துவிடுகிறது.

இப்போது அந்த இருபது மடங்கு வித்தியாசத்துக்கு வருவோம். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மாத்திரையின் தோல்வி ஒன்று, பயன்படுத்துபவரின் தோல்வி மற்றொன்று. அதாவது மாத்திரை தவறவில்லை, பெண்தான் தவறிவிட்டாள். மறதி, படிப்பில்லாமை, அலட்சியம். இந்தச் சொல் நமக்குப் புதுசா என்ன? கடன் தவணை கட்ட முடியாதவர் 'நாணயம் இல்லாதவர்' ஆகிறார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை 'படிப்பு ஏறாதது' ஆகிறது. மாத்திரை விட்டவள் 'மறந்தவள்' ஆகிறாள்.

மறப்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பஞ்சாலையில் ஷிப்டு மாறி மாறி வருகிற பெண்ணுக்கு 'தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது' என்று சொன்னால், எது ராத்திரி? இந்த வாரம் காலையில் படுக்கிறாள், அடுத்த வாரம் நள்ளிரவில். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவள் ஆறு மாசத்துக்கு எத்தனை அட்டை கொண்டு போக முடியும்? அங்கே எந்த நர்சம்மா வந்து அடுத்த அட்டை கொடுப்பார்? ஒற்றை அறை வீட்டில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் கண்ணில் படாமல் ஓர் அட்டையை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும். ஒருநாள் பானையை மாமியார் துலாவினார். அன்றோடு மாத்திரை நின்றது. சுகாதார நிலையத்துக்குப் போனால் 'ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வா' என்பார்கள். திங்கட்கிழமை போனால் ஒருநாள் கூலி போகும். புது அட்டை நாலு நாள் தள்ளி ஆரம்பிக்கும். ஏழு நாள் பதினோரு நாள் ஆகிறது. முட்டை விழித்துக்கொள்கிறது. சொல்லுங்கள் தோழர்களே, இதில் தோற்றது யார்?

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உடம்பில் சேராது, இன்னொன்று போட வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு இரண்டு நாள் நீடித்தால் மாத்திரை விட்ட மாதிரிதான். குழாயில் சாக்கடை கலந்து வருகிற தெருவில் இருப்பவளுக்கும், வடிகட்டிய தண்ணீர் குடிப்பவளுக்கும் மாத்திரை ஒண்ணுதான், பாதுகாப்பு ஒண்ணா?

இதைவிடப் பெரிய விஷயம் காசநோய். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் என்கிற மருந்து கல்லீரலை முடுக்கிவிட்டு, கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும். ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டாலும் பலன் குறைந்துபோகும். வழக்கமான காசநோய் சிகிச்சையில் ஆறு மாசமும் இந்த மருந்து உண்டு. நிறுத்திய பிறகும் சுமார் நாலு வாரத்துக்கு அதன் விளைவு இருக்கும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற கார்பமசிபைன், ஃபெனிடாயின் இவற்றுக்கும் இதே குணம். சாதாரண ஆன்டிபயாட்டிக் எல்லாம் இப்படிச் செய்வதில்லை, அது வீண் பயம். காசநோய் யாருக்கு வரும்? நெருக்கமான வீடு, சத்தில்லாத சாப்பாடு, காற்று வராத அறை. அதாவது நம்ம சனத்துக்கு. காசநோய் மருந்து ஒரு மேசையில், கருத்தடை மாத்திரை இன்னொரு மேசையில் கொடுக்கிறார்கள். இரண்டு மேசைக்கும் நடுவே பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வயிற்றில்தான் விடியும். காசநோய் சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்குக் காப்பர்-டியோ ஆணுறையோ வேண்டும் என்று நீங்கள் போகிற ஊரில் எல்லாம் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு செய்தியைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால் இதை எடுத்துப் போங்கள்.

மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது? இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து மாத்திரை ஒன்று விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போட வேண்டும். அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் பரவாயில்லை, பயம் வேண்டாம். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை உடனே போட்டுத் தொடர வேண்டும், ஏழு நாளைக்கு ஆணுறை வேண்டும். அது அட்டையின் மூன்றாவது வாரமாக இருந்தால், இரும்பு மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகப் புது அட்டையை ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரமாக இருந்து, முந்தின ஐந்து நாளில் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் எடுப்பது அது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரும்பு மாத்திரை விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது.

யாருக்கு இந்த மாத்திரை ஆகாது என்பதையும் மறைக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு, ரத்தக் கட்டி, கண்ணில் மின்னல் தெறிக்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கும், 35 வயதுக்கு மேல் புகைபிடிக்கிறவர்களுக்கும் இது வேண்டாம். ரத்தக் கட்டி எல்லாருக்கும் வருவதில்லை. வருஷத்துக்கு 10,000 பெண்களில் 2 பேருக்கு வருவது, இந்த மாத்திரை எடுத்தால் 5 முதல் 7 பேருக்கு வரும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை ஒன்று 1991லிருந்து இருக்கிறது. சகேலி என்று விற்கிறார்கள், சாயா என்று அரசு கொடுக்கிறது. முதல் மூன்று மாசம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. எய்ட்ஸ் கிருமியை எந்த மாத்திரையும் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

இந்த மாத்திரை யார் உடம்பில் சோதிக்கப்பட்டது தெரியுமா? 1956ல் கரீபியன் கடலில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ தீவில், ரியோ பியத்ராஸ் என்ற இடத்தில். சேரிகளை இடித்துவிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. அமெரிக்க விஞ்ஞானி கிரிகரி பின்கஸும் டாக்டர் ஜான் ராக்கும் நடத்திய சோதனை. அந்த ஏழைப் பெண்களிடம் 'கர்ப்பம் வராது' என்று சொன்னார்கள், 'இது சோதனை' என்று சொல்லவில்லை. இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு வீரியமான மருந்து. தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று பெண்கள் சொன்னார்கள். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண்மணி, மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கிறது, ஆனால் 100க்கு 17 பேருக்குப் பக்க விளைவு இருக்கிறது, இதை ஏற்க முடியாது என்று எழுதினார். பின்கஸ் அதை மனப்பிரமை என்று ஒதுக்கினார். சோதனையின்போது மூன்று பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. 1960ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அமெரிக்கப் பெண்கள் 1970ல் செனட் விசாரணைக்குள் புகுந்து கத்திய பிறகுதான், ஆபத்துகளைச் சொல்கிற தாள் பெட்டிக்குள் வந்தது.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்றைய மாத்திரை அன்றைய மாத்திரை இல்லை. வீரியம் குறைந்ததற்கே அந்தப் பெண்கள் பட்ட பாடும் போட்ட கூச்சலும்தான் காரணம். 'எவ்வளவு நம்பலாம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள். அந்தப் பதிலை ஒளிவு மறைவில்லாமல் கேட்க ஏழைப் பெண்களுக்கு உரிமை இருக்கிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை எடுப்பவர்கள் 5 பேர். தமிழ்நாட்டில் ஆபரேஷன் பாதிக்கு மேல், மாத்திரை எடுப்பவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. ஏன்? இரண்டாவது பிரசவம் முடிந்து கட்டிலில் கிடக்கும்போதே 'பண்ணிடலாமா' என்று கேட்பதும், அவள் தலையாட்டுவதும் நமக்குத் தெரியும். அதிகாரத்தின் யோசனை சுலபமானது: இவளுக்கு மாத்திரை கொடுத்தால் மறந்துவிடுவாள், கத்தி மறக்காது. நூற்றுக்கு ஏழு என்ற எண்ணை ஆளுகிறவர்கள் படித்த விதம் அது. வேலை நேரத்தை, வீட்டை, தண்ணீரை, மருந்து வரத்தைச் சரி செய்வதைவிட, பெண்ணின் குழாயைக் கட்டுவது மலிவு.

அவசரநிலைக் காலத்தில், 1976-77ல் மட்டும் நாட்டில் 82 லட்சம் ஆபரேஷன். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் ஆட்சி போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கப்புறம் ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. பாரம் பெண் மேல் இறங்கியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். போனவர்கள் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட சாதி ஏழைப் பெண்கள். 2016ல்தான் உச்சநீதிமன்றம் மூன்று வருஷத்துக்குள் இந்த முகாம்களை நிறுத்தச் சொன்னது.

நம்ம தலைவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? 1920களின் கடைசியில் சென்னையில் மேல்சாதிக் கனவான்கள் நியோ-மால்தூசியன் லீக் நடத்தினார்கள். ஏழைகள் பெருகுகிறார்களே என்பது அவர்கள் கவலை. காந்தி கருத்தடைச் சாதனமே கூடாது, அடக்கம் போதும் என்றார். பெரியார் இரண்டுக்கும் வெளியே நின்றார். நாட்டுப் பொருளாதாரத்துக்காக வேண்டாம், குடும்பச் சொத்துக்காக வேண்டாம், பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று 'குடி அரசு'வில் எழுதினார். டாக்டர் அம்பேத்கர் 1934ல், பாலியல் கல்வி பற்றிப் பத்திரிகை நடத்தியதற்காக வழக்குப் போடப்பட்ட ர. தோ. கார்வேக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். 1938ல் பம்பாய் சட்டசபையில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடை வசதியை அரசு செய்து தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. அவர் தயாரித்த உரையை அவர் கட்சி உறுப்பினர் ரோகம் முன்வைத்தார். பெண் படும் வேதனையை ஆண்கள் நிறைந்த அந்தச் சபையின் முன்னால் வைத்த தீர்மானம் அது. தோற்கடித்துவிட்டார்கள். மாத்திரை வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்னாலேயே நம்மிடம் இந்த அரசியல் இருந்திருக்கிறது. நாம்தான் கொடியில் படம் போட்டதோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது ஆண் தோழர்கள் கணக்கு. அதே 2019-21 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஆண் ஆபரேஷன் 1000க்கு 3. முதலில் சொன்ன அதே எண், ஞாபகம் இருக்கா? ஆணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் முடிகிற வேலை. மூன்று மாசம் மட்டும் பொறுத்து, பரிசோதித்துவிட்டால் போதும். மாத்திரையைவிடப் பல மடங்கு நம்பகமானது. 'வெயிட்டு தூக்க முடியாது, ஆண்மை போயிடும்' என்பதெல்லாம் கட்டுக்கதை. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் ஆணுறை வாங்கக் கூச்சப்படுகிறவன் எந்த விடுதலையைப் பேசுகிறான்?

கடைசியாகச் சட்டம். மாத்திரை தவறினால் உலகம் முடிந்துவிடாது. 1971 கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்கிற உரிமை கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் இருந்தது. 2021 திருத்தம் அதை எந்தப் பெண்ணுக்கும் என்று மாற்றியது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்துக் கேட்பது சட்டத்தில் இல்லை. 2022ல் உச்சநீதிமன்றம், கல்யாணமாகாதவள் என்று சொல்லி 20 முதல் 24 வாரம் வரையான உரிமையை மறுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஹாஸ்டலில் இருக்கிற தங்கச்சிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கை வைத்தியம், திருட்டு மாத்திரை என்று போய் உயிரை விடாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியவை இவை. சுகாதார நிலையத்தில் மூன்று மாச அட்டையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விட்டுப்போனால் என்ன செய்வது என்பதைத் தமிழில், படத்தோடு அச்சடித்துக் கொடுக்க வேண்டும். காசநோய்ப் பிரிவும் குடும்ப நலப் பிரிவும் ஒரே சீட்டில் எழுத வேண்டும். வேலைக்காக இடம்பெயர்கிறவர்களுக்குப் போகிற இடத்தில் மாத்திரை கிடைக்க வேண்டும். பிரசவக் கட்டிலில் சம்மதம் வாங்கும் பழக்கம் நிற்க வேண்டும். இவ்வளவும் நடந்தால், நூற்றுக்கு ஏழு கீழே இறங்கும். இறங்காத வரைக்கும், அந்த ஏழை 'மறதி' என்று யார் எழுதினாலும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் போட வேண்டாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.